நாவப்பூ மலைத்தேன்: கசக்குதுன்னு திருப்பி அனுப்பாதீங்க

கோத்தகிரில ஒரு கடைல வாங்குன தேன், அரை கிலோ பாட்டில். "கசக்குது, ஏதோ கலந்திருக்காங்க"ன்னு சில பேர் ஒரு ஸ்டார் போட்டு வச்சிருக்காங்க, அதைப் பாத்துட்டுத்தான் எழுதுறேன். அந்தக் கசப்பு நாவ மரத்துப் பூவோடதுங்க.

மார்ச்சுலேர்ந்து மே வரைக்கும் நாவல் பூக்கும். பூன்னு பாத்தா பெருசா ஒண்ணும் இருக்காது, இதழ் சீக்கிரமே உதிர்ந்துரும், வெள்ளை இழை மட்டும் பிரஷ் மாதிரி நிக்கும், ஆனா வாசனையும் தேனும் அள்ளும். மலைத்தேனீ (பெட்டில வளக்குறது இல்ல, பாறையிலயும் உசரமான கிளையிலயும் ஒத்தை அடையா கட்டுற பெரிய ஈ) பூ சீசன் பாத்து இடம் மாறுற ஜாதி. மரம் கொத்துக் கொத்தா பூத்து நிக்கிறப்ப ஒரு ஈ பெரும்பாலும் நாவப்பூவையே சுத்தி வரும், அதுலதான் மகரந்தம் மரத்துக்கு மரம் போய் காய் பிடிக்குது, நமக்கும் இந்த ருசி தனியா கிடைக்குது. அதுக்காக லேபிள்ல "100% நாவப்பூ"ன்னு அடிச்சிருக்கிறது ஓவர். காட்டு ஈகிட்ட யாரு போயி இந்தப் பூவுக்கு மட்டும் போன்னு சொல்றது?

வாயில வச்சா முதல்ல இனிப்பு, அப்புறம் தொண்டைகிட்ட துவர்ப்பும் கசப்பும். தோசைக்கு செட் ஆகல, எலுமிச்சை பிழிஞ்ச வெதுவெதுப்பான தண்ணில சூப்பர். தண்ணியா இருக்கேன்னு பயப்படாதீங்க, மலைத்தேன்ல ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டுறது சகஜம், அதனால நாளானா நுரைச்சுப் புளிக்கும். எனக்கு வந்த பாட்டில்லயே லேசா நுரை. ஃபிரிட்ஜ்ல வைங்கன்னு ஒரு வரி லேபிள்ல போட்டிருக்கலாம். தண்ணில ஊத்திப் பாக்குறது, தீக்குச்சில நனைச்சுக் கொளுத்துறதுன்னு வாட்ஸப்ல வர்ற டெஸ்ட் எதையும் நம்பாதீங்க.

கடுப்பானது கடைல இருந்த போர்டு: "சுகர் பேஷண்ட் தாராளமா சாப்பிடலாம்". நாவக்கொட்டைக்கு இருக்கிற பேரைத் தூக்கித் தேன்ல ஒட்டிட்டாங்க. எந்தப் பூவா இருந்தாலும் தேன்ல 80 சதவீதம் கிட்ட சர்க்கரைதான், வீட்ல சுகர் இருக்கிறவங்க அந்த போர்டை நம்பி ஸ்பூனைத் தூக்கிராதீங்க. ஒரு ஸ்டார் இதுக்கே குறைச்சாச்சு, அதனால 4.

விலை ஜாஸ்திதான். கொடி ஏணில தொங்கிகிட்டு புகை போட்டு குறும்பர் ஜனங்க பாறைல எடுக்கிற தேன் இது, அதனால விலையைப் பத்தி நான் வாய் திறக்கல. வாங்குறப்ப எந்த மாசம் எடுத்ததுன்னு கேளுங்க, அடைல தேனீக்குஞ்சுப் புழு இருக்கிற பக்கத்தை விட்டுட்டு தேன் பகுதியை மட்டும் வெட்டுனதான்னும் கேளுங்க. முழு அடையையும் பிழிஞ்சதுன்னா வேண்டாம்.