"இன்று காலை இட்டது" என்று சொல்லி விற்ற பண்ணை முட்டை: நான் ஏமாந்த கதை

நான்கு மாதமாக ஒருவரிடம் பண்ணை முட்டை வாங்கினேன். சூப்பர் மார்க்கெட்டைவிட விலை கூடுதல்தான், ஆனால் பிள்ளைகள் சாப்பிடுவது, கோழி வளர்ப்பவர் கைக்கே பணம் போகட்டும் என்று மறுபேச்சில்லாமல் கொடுத்தேன். போன வாரம் உடைத்த முதல் முட்டையே கூமுட்டை, வீடே நாறிவிட்டது. மீதி பதினொன்றையும் தண்ணீரில் போட்டேன், ஐந்து மிதந்தன.

மிதப்பதெல்லாம் கெட்டுப்போனது என்று சொல்ல முடியாது, ஆனால் பழசு. ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இருக்கின்றன, அவற்றின் வழியாக ஈரம் போகப் போக அகன்ற முனையில் உள்ள காற்றறை பெரிதாகும். புது முட்டை அடியில் படுத்துக் கிடக்கும், நாளாக ஆக நிமிர்ந்து நிற்கும், அப்புறம்தான் மிதக்கும். காலையில் இட்டது மிதக்காது.

பண்ணையைப் பார்க்கலாமா என்று முன்பு கேட்டபோதெல்லாம் வெளியாள் வந்தால் கோழிக்கு நோய் தொற்றும் என்றார். அது உண்மையான பயம்தான், நல்ல பண்ணைக்காரர்களும் உள்ளே விடமாட்டார்கள், ஆனால் வேலிக்கு வெளியே நின்று பார்க்கக் கூடவா தடை? இந்த முறை சொல்லாமல் போனேன். முப்பது கோழிக்கு மேல் இல்லை, அதில் பாதி இறகு உதிர்த்துக்கொண்டிருந்தது, அந்தச் சமயத்தில் கோழி முட்டையிடுவதே அரிது. ஒரு முட்டை உருவாகவே 24 முதல் 26 மணி நேரம் ஆகும். முப்பதும் தவறாமல் நாளுக்கு ஒன்று இட்டாலும் வாரத்துக்கு 210தான். அவரோ இருபது வீட்டுக்கு வாரம் இரண்டு டஜன் கொடுக்கிறார், அதாவது 480! கொட்டகை ஓரத்தில் மொத்த வியாபாரியின் முட்டை அட்டைகள் அடுக்கியிருந்தன.

அந்த முட்டைகளைக் கழுவி வேறு கொடுத்திருக்கிறார். கோழி இடும்போதே ஓட்டின்மேல் ஒரு மெல்லிய பூச்சு இருக்கும், கிருமியை உள்ளே விடாமல் தடுப்பது அதுதான். கழுவினால் அது போய்விடும், அதன்பிறகு குளிரில் வைக்க வேண்டும். இவர் வெளியிலேயே வைத்திருந்தார்.

நான் நம்பியது பழுப்பு ஓட்டையும் அடர்ந்த மஞ்சள்கருவையும். ஓட்டின் நிறம் கோழி இனத்தைப் பொறுத்தது, மஞ்சள்கருவின் நிறம் தீவனத்தைப் பொறுத்தது, சாமந்திப்பூச் சாறு கலந்த தீவனம் போட்டாலே போதும். இரண்டுக்கும் புதுசு பழசுக்கும் சம்பந்தமில்லை. வேகவைத்தால் ஓடு சுலபமாக உரிந்தது வேறு எனக்குப் பிடித்திருந்தது, புது முட்டை அப்படி உரியாது என்று அப்போது தெரியவில்லை. தட்டில் உடைத்துப் பார்த்திருந்தாலாவது தெரிந்திருக்கும்: புதியதில் மஞ்சள்கரு குவிந்து நிற்கும், அதைச் சுற்றி வெள்ளைக்கரு கெட்டியாக இருக்கும். இவருடையது தண்ணீராக ஓடியது.

கேட்டதற்கு, "குறையும்போது வெளியில் வாங்கித் தருவேன், எல்லாரும் செய்வதுதானே" என்றார். இந்த வாரம் முட்டை இல்லை என்று சொல்லியிருந்தால் காத்திருப்பேனே, அதுதான் மனதை அறுக்கிறது. கடைசி டஜனுக்கு மட்டும் பணத்தைத் திருப்பித் தந்தார். மற்ற வீடுகளுக்கு இன்னும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.