முகப்புப் பக்கம் கலைந்துபோனால் உடனே பணம் கட்டிவிடாதீர்கள்

பவானியில் ஜமுக்காளம் விற்கும் எங்கள் கடைக்கு வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் செய்த ஒரு வெப்சைட் இருக்கிறது. நான்கு வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. கைத்தறியை எப்படி அடையாளம் காண்பது, எப்படித் துவைப்பது என்று எழுதிப் போட்டால் வெளியூர்க்காரர்கள் தேடி வருவார்கள் என்று, முகப்பில் ஒரு பிளாக் (வலைப்பதிவு) பகுதி சேர்க்க ஒரு வெப் டிசைன் நிறுவனத்திடம் 8,000 ரூபாய் கொடுத்தேன்.

இரண்டு மாதம் நன்றாகத்தான் இருந்தது. தை பிறந்து கல்யாண ஆர்டர்கள் வருகிற நேரம், ஒரு நாள் காலையில் திறந்தால் விலைப்பட்டியல், வாட்ஸ்அப் பொத்தான், கடை முகவரி எல்லாம் வலது ஓரத்தில் ஒரு ஒல்லிப் பட்டைக்குள் நசுங்கிக் கிடக்கின்றன. மிச்சப் பக்கம் வெறுமை.

போன் செய்தேன். முதலில் "கேஷ் (பிரவுசர் சேமித்து வைத்த பழைய பக்கம்) பிரச்சினை, பிரவுசரை கிளியர் பண்ணுங்க" என்றார்கள். மறுநாள் ஹோஸ்டிங், அதாவது தளத்தை வைத்திருக்கும் வாடகை இடம், போதவில்லை என்றார்கள். நம்பி 4,500 ரூபாய் கட்டி பெரிய பிளானுக்கு மாறினேன். ஒரு மாற்றமும் இல்லை. அப்புறம் தீம் (தளத்தின் தோற்ற அமைப்பு) பழசாகிவிட்டது, சைட்டையே புதிதாகச் செய்ய 35,000 ஆகும் என்று கொட்டேஷன் வந்தது. தளம் அப்படிக் கிடந்த பதினோரு நாளும் ஒரு ஆர்டர்கூட அதன் வழியே வரவில்லை.

பொங்கலுக்கு வந்திருந்த அக்கா மகள்தான், "மாமா, அந்த பிளாக் பகுதியை மட்டும் கொஞ்ச நேரம் நிறுத்திப் பாருங்க" என்றாள். நிறுத்தியதும் பக்கம் பழையபடி விரிந்துவிட்டது. சரி, ஹோஸ்டிங் மேல் பழி இல்லை. மறுபடி போட்டுவிட்டு, கட்டுரைகளை ஒவ்வொன்றாக மறைத்துப் பார்த்தாள். கடைசியாக நான் போட்ட ஒரே ஒரு கட்டுரையில்தான் கோளாறு. அதில்தான் முதன்முதலாக ஆரம்பத்திலேயே படம் வைத்திருந்தேன்.

முகப்பில் தெரிந்த அதன் சுருக்கம், படத்தின் கீழே எழுதிய குறிப்பில் பாதிச் சொல்லோடு நின்றிருந்தது. கடைசி எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் கட்டம், அதற்குள் ஒரு கேள்விக்குறி. அத்தனை நாளும் அது என் கண்ணெதிரே இருந்திருக்கிறது. அந்த நிறுவனம் எழுதிய நிரல், கட்டுரையை எழுத்தாக எண்ணாமல், கணினி சேமிக்கும் சிறு அலகான பைட்டாக 600 எண்ணி வெட்டுகிறது. எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 'மி' என்ற ஒரு எழுத்துக்கே ஆறு பைட் வேண்டும். நடுவில் வெட்டினால் எழுத்து உடைகிறது. அதே வெட்டில், படத்தைச் சுற்றித் திறந்த 'டிவ்' டேக் (பக்கத்தில் ஒரு பெட்டி போடும் குறியீடு) மூடப்படாமல் போய்விட்டது. மூடாத பெட்டிக்குள், அதற்குப் பிறகு வந்த விலைப்பட்டியலும் முகவரியும் எல்லாமும் போய் விழுந்திருக்கின்றன. வேர்ட்பிரஸ் தானாக எடுக்கும் சுருக்கம் டேக்குகளை முதலில் நீக்கிவிட்டு, வழக்கமாக 55 சொல் எண்ணித்தான் வெட்டும். அதையே பயன்படுத்தும்படி ஒரு வரியை மாற்றினாள். தீர்ந்தது.

அட்மின் பாஸ்வேர்டு என்னிடம் இருந்ததால்தான் இதைச் செய்ய முடிந்தது. தயவுசெய்து அதை யாரிடமும் மொத்தமாகக் கொடுத்துவிடாதீர்கள். புதிதாக எதைச் சேர்க்கும் முன்பும் பேக்கப் எடுக்கச் சொல்லுங்கள். படமும் நீளமான தமிழ்ப் பத்தியும் உள்ள கட்டுரையை ஏற்றி, மொபைலிலும் பார்த்த பிறகே மீதிப் பணம் கொடுங்கள். பக்கம் கலைந்தால், கடைசியாகச் சேர்த்ததை முதலில் நிறுத்திப் பாருங்கள். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் வேலிடேட்டரில் (பிழை சோதிக்கும் பக்கம்) உங்கள் தள முகவரியைக் கொடுத்தால் மூடாத டேக் எந்த வரியில் இருக்கிறது என்று இலவசமாகவே காட்டும்.

அந்த 4,500 ரூபாயைத் திருப்பிக் கேட்டேன். ஹோஸ்டிங் மாற்றியது மாற்றியதுதான் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் ஊரில் இன்னும் இரண்டு கடைகளுக்கு இதே பிளாக் பகுதியைத்தான் போட்டிருக்கிறார்கள். ஒன்றில் அந்தக் கறுப்புக் கட்டம் இப்போதே தெரிகிறது. நேற்று நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.