திரீ நாட் திரீக்கு எந்த பவுடர்? ஏழு வருஷம் ரீலோட் பண்ணிப் பார்த்ததுல தெரிஞ்சது

திரீ நாட் திரீ (.303 தோட்டா)ன்னு சொன்னதும் நம்மாளுங்க எல்லாருக்கும் போலீஸ்காரர் தோள்ல தொங்குற அந்த மரக்கட்டை ரைஃபிள்தான் ஞாபகம் வரும். என்கிட்ட இருக்கறது அதே குடும்பம்தான், லீ என்ஃபீல்டு நம்பர் 4, ரெண்டாம் உலகப்போர் காலத்துது. அதுக்கு நானே தோட்டா ரீலோட் பண்ண (சுட்ட தோட்டாவோட பித்தளைக் கூட்ட, அதாவது கேஸ, எடுத்து புதுசா பவுடர், புல்லட்லாம் வச்சு மறுபடி தோட்டாவாக்கறது) ஆரம்பிச்சு ஏழு வருஷம் ஆச்சு, நாலு பவுடர் மாத்தியாச்சு, இப்போ ஒண்ணுல செட்டில் ஆயிட்டேன்.

பவுடர் எத்தனை கிரெய்ன் (ரொம்பச் சின்ன எடை அளவு) போடணும்னு இங்க எழுத மாட்டேன், தயவுசெஞ்சு யாரும் கேக்காதீங்க. பவுடர் கம்பெனி வெளியிடற டேட்டாவ எடுத்து, அதுல இருக்கற ஸ்டார்ட்டிங் லோடுலேருந்து (ஆரம்ப அளவு) கொஞ்சம் கொஞ்சமா ஏறணும். என் ரைஃபிளுக்கு ஒத்துக்கிட்டது உங்க ரைஃபிளுக்கு ஒத்துக்கும்னு சொல்ல முடியாது, அதுவும் இந்தப் பழைய சேம்பருங்க (தோட்டா உக்கார்ற அறை) ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது.

இந்தத் தோட்டா 1888ல வந்தப்போ உள்ள இருந்தது கருமருந்து. ரெண்டு மூணு வருஷத்துலயே கார்டைட்டுங்கற புகை கம்மியான வெடிமருந்துக்கு மாறிட்டாங்க, அது நம்ம இப்போ பார்க்கற மாதிரி பொடி இல்ல, நீளக் குச்சிங்கள கட்டா உள்ள சொருகி வைப்பாங்க. முதல் கார்டைட்ல 58 சதவீதம் நைட்ரோகிளிசரின், பேரல சூட்டுலயே அரிச்சுத் தின்னுடுச்சு, அதனால பின்னாடி 30க்கு குறைச்சாங்க. 1910ல வந்த மார்க் 7 தோட்டாவுல 174 கிரெய்ன் புல்லட், வேகம் செகண்டுக்கு 2440 அடி. ரைஃபிள் சைட்ல இருக்கற கணக்கெல்லாம் அதுக்குப் போட்டதுதான். அதனால ஆரம்பத்துல நானும் அந்த 2440ஐ பிடிக்கணும்னுதான் குறியா இருந்தேன்.

முதல்ல வார்கெட். ரொம்ப நல்ல பவுடர், வெயில்லயும் குளிர்லயும் பெருசா வித்தியாசம் காட்டாது, தூரத்துல குரூப் (குண்டுங்க எவ்வளவு நெருக்கமா விழுதுங்கறது) நல்லா விழுந்துச்சு, எனக்கு ஒரு குறையும் தெரியல, நாலாவது தடவை அதே கேஸ்கள ஏத்திச் சுடற வரைக்கும். அன்னிக்கு போல்ட்ட இழுக்கறேன், கேஸோட பின்பக்கம் ஒரு துண்டு மட்டும் ரிம்மோட (அடி விளிம்பு) வெளிய வருது, மீதி பித்தளை சேம்பருக்குள்ளயே நிக்குது. யாருக்கும் அடி படல. ஆனா கை நடுக்கம் நிக்கறதுக்கு நேரமாச்சு.

அது வார்கெட் மேல தப்பு இல்ல. லீ என்ஃபீல்டுல போல்ட்டோட லாக்கிங் லக் (பூட்டிப் பிடிக்கற காது) பின்னாடி இருக்கு, அழுத்தம் ஏற ஏற ஆக்‌ஷன் கொஞ்சம் இழுபடும், போதாததுக்கு சேறும் மண்ணும் பட்டாலும் தோட்டா உள்ள போகணும்னு சேம்பர தாராளமா வெட்டியிருப்பாங்க. கேஸ் ரிம்ல நின்னுக்கிட்டு முன்பக்கம் நீளும், நீளறது எல்லாம் அடிப்பக்கத்துக்குக் கொஞ்சம் மேல சுவர மெலிசாக்கும். நான் ஒவ்வொரு தடவையும் ஃபுல் லெங்த் சைஸ் பண்ணி (கேஸ் முழுசையும் அச்சுல அமுக்கிச் சுருக்கி) அதுக்கு இன்னும் வழி பண்ணிக் கொடுத்துட்டு இருந்திருக்கேன். இப்போ நெக் (கேஸோட கழுத்து) மட்டும்தான் சைஸ் பண்றேன். ஒவ்வொரு கேஸையும் பேப்பர் கிளிப் நுனிய வளைச்சு உள்ள விட்டு, சுவர் ஓரமா அடியிலேருந்து மேல மெதுவா இழுத்துப் பார்ப்பேன், நகம் தட்டற மாதிரி ஒரு பள்ளம் சிக்கினா அந்த கேஸ் நேரா குப்பைக்கு.

அதுக்கப்புறம்தான் பவுடர வேற கண்ணோட பார்க்க ஆரம்பிச்சேன். வேகம் வேணாம், கேஸ் உழைக்கணும், இந்தப் பழைய இரும்பு வலிக்காம இருக்கணும்.

ஐஎம்ஆர் 4064 ஒரு வருஷம். குரூப் அருமை, ஆனா குச்சி நீளம், பவுடர அளந்து ஊத்தற மெஷர்ல கைப்பிடிய இறக்கும்போது குச்சி நறுக்குன்னு உடையற சத்தம் கேக்கும், புனல் கழுத்துல பாலம் கட்டி நிக்கும், கடைசில ஒவ்வொண்ணையும் தராசுல வச்சுத்தான் போட்டேன். அப்புறம் ஐஎம்ஆர் 4895, இதைப் பத்தி குறை சொல்ல ஒண்ணுமில்ல, அமெரிக்க ராணுவமே அவங்க .30-06 ரைஃபிள் தோட்டாவுக்கு போட்ட பவுடர். கடைசியா எச் 4895, நாலு வருஷமா இதுலதான் இருக்கேன்.

பேர் ரெண்டும் 4895 ஆச்சேன்னு ஒண்ணோட டேட்டாவ இன்னொண்ணுக்கு போட்டுடாதீங்க. போர்ல மிஞ்சின 4895ஐ வாங்கி வித்துத்தான் எச் 4895 விக்கற ஹாட்ஜ்டன் கம்பெனியே கிளம்புச்சு, நம்பர் ஒண்ணா இருக்கறது அதனால. இன்னிக்கு ரெண்டும் வேற வேற பவுடர். எனக்கு ஒரு தடவை ரெண்டு டின்னும் ஒரே மேஜையில இருந்து, எதைத் தொறந்தோம்னு சந்தேகம் வந்துச்சு, மெஷர்ல இருந்தது அத்தனையும் கொட்டிட்டேன். அன்னிலேருந்து மேஜைல ஒரு டின்தான், வேலை முடிஞ்சா மீதி அதே டின்னுக்குள்ள.

எச் 4895 ஏன்னா அதை இறக்கிப் போடலாம். மேக்சிமம் லோடோட 60 சதவீதம் அளவு வரைக்கும் (அதாவது 40 சதவீதம்தான்) குறைக்கலாம்னு கம்பெனியே சொல்லுது. இந்தக் கணக்கு இதுக்கு மட்டும்தான், மெதுவா எரியற பால் (ball, உருண்டை மணி) பவுடர்ல இப்படி குறைச்சா ஆபத்து. 100 கஜம் சுடறதுக்கு நான் நடுவாந்தரமா ஒரு லோட் வச்சிருக்கேன், உதை பாதியா குறைஞ்ச மாதிரி இருக்கு, சாயங்காலம் வரைக்கும் சுட்டாலும் தோள் வலிக்கல, கேஸ் பத்து தடவை தாண்டி ஓடுது. ஒரு பவுண்டு டின்ல 7000 கிரெய்ன், லோட் குறைச்சதால அதுவும் நீண்ட நாள் வருது.

குறைன்னு பார்த்தா ரெண்டு. 300 கஜத்துக்கு மேல என் ரைஃபிள்ல வார்கெட்தான் இன்னும் ஒரு படி மேல, அதுக்குன்னு ஒரு டின் தனியா வச்சிருக்கேன். இன்னொண்ணு கொஞ்சம் சீரியஸ். ஃபுல் லோட தெரியாம ரெண்டு தடவை ஊத்தினா கேஸ் வாயில வழிஞ்சு காட்டிக் கொடுத்துடும், குறைச்ச லோடுல அந்தப் பாதுகாப்ப நம்ப முடியாது. அதனால அம்பது கேஸையும் குழி போட்ட பிளாக்ல நிறுத்தி, டார்ச் அடிச்சு ஒவ்வொண்ணுக்குள்ளயும் மட்டம் ஒண்ணா இருக்கான்னு பார்த்த பிறகுதான் புல்லட்ட தொடறேன், நடுவுல போன் வந்தா முதல்லேருந்து மறுபடி பார்ப்பேன்.

போன மாசம் வாங்கின டின் வேற லாட் (தயாரிப்புத் தொகுதி) நம்பர். பழைய லோட அப்படியே போடல, ஸ்டார்ட்டிங்லேருந்து அஞ்சஞ்சு தோட்டாவா மறுபடி ஏறிட்டு இருக்கேன், இன்னும் பாதி வழிதான் வந்திருக்கேன்.