ஏற்காடு 'தாவர மருந்து' ரிட்ரீட்: பணம் கட்டும் முன் படித்துவிடுங்கள்

ஏற்காட்டில் வார இறுதி 'தாவர மருந்து' ரிட்ரீட் என்று இன்ஸ்டாகிராமில் விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கிறது. காப்பித் தோட்டத்துக்கு நடுவே பழைய பங்களா, வெள்ளை உடை, மேளம், 'அயவாஸ்கா' என்ற போதைக் கஷாய அனுபவம், தலைக்கு 38,000 ரூபாய். பெயரைப் போட்டால் என் மேலேயே கேஸ் போடுவார்கள், அதனால் போடவில்லை. அங்கே போகலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் முழுதாகப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

போனது என் மச்சினன். பெங்களூரில் ஐடி வேலை. மனச்சோர்வுக்கு எஸ்சிட்டலோபிராம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தனியாக அனுப்ப வேண்டாம் என்று என் மனைவி சொன்னதால் துணைக்கு நான். துணைக்கு வருபவர் தங்குவதற்கு 6,000 தனி.

பதிவுப் படிவத்தில் பிறந்த நட்சத்திரம் கேட்டார்கள், டீ-ஷர்ட் சைஸ் கேட்டார்கள், பூண்டு வெங்காயம் சாப்பிடுவீர்களா என்றுகூடக் கேட்டார்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று மட்டும் எங்கேயும் இல்லை. நானே போன் போட்டுச் சொன்னேன். "மூணு நாள் முன்னாடி நிறுத்திட்டு வரச் சொல்லுங்க சார், போதும்" என்றார் அந்த வழிநடத்துநர்.

போதாது. அயவாஸ்கா என்பது அமேசான் காட்டுக் கொடி ஒன்றையும் சக்ருனா என்ற செடியின் இலையையும் சேர்த்துக் காய்ச்சுவது. இலையில் இருக்கும் டிஎம்டி என்ற போதைப்பொருளை மட்டும் சாப்பிட்டால் உடம்பு அதை உடனே உடைத்துத் தள்ளிவிடும், ஒன்றும் ஆகாது. கொடியில் இருக்கும் ஹார்மினும் ஹார்மலினும் உடைக்கிற நொதியைக் கட்டிப்போடுவதால்தான் அது மண்டைக்கு ஏறுகிறது. மனநிலையைப் பாதிக்கும் செரோட்டோனின் என்ற மூளை ரசாயனத்தை உடைப்பதும் அதே நொதிதான். செரோட்டோனினைக் கூட்டும் இந்த மாதிரி மனச்சோர்வு மாத்திரை உடம்பில் இருக்கும்போது இதையும் குடித்தால் செரோட்டோனின் எக்கச்சக்கமாக ஏறி, நடுக்கம், காய்ச்சல், தசை இறுக்கம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். இப்படி நொதியைத் தடுக்கும் மருந்தைத் தொடங்க வேண்டுமென்றால், முன்பு சாப்பிட்ட மாத்திரையை நிறுத்திப் பொதுவாக 2 வாரமாவது இடைவெளி விடுவார்கள். ஃப்ளூவாக்ஸெட்டின் என்றால் 5 வாரம். அதுவும் எழுதிக்கொடுத்த டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

சரி, அங்கே கொடுத்தது அயவாஸ்காவா? அதுதான் அடுத்த கூத்து.

வாசலிலேயே செல்போனையும் கார் சாவியையும் ஒரு மரப்பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். மௌனம் காக்கவாம். இரவு எட்டு மணிக்கு மேல் செப்புக் குடத்திலிருந்து கருப்பாக ஒரு கஷாயம். இருமல் மருந்து பாட்டில் மூடியில் அளந்து ஊற்றினார்கள், ஒல்லியான பெண்ணுக்கும் நூறு கிலோ ஆளுக்கும் ஒரே அளவு. பெரு நாட்டிலிருந்து வந்தது என்றார் ஒருவர். கொஞ்ச நேரம் கழித்து இன்னொருவர், இது சேர்வராயன் மலையில் வாழும் மலையாளி பழங்குடி மக்களின் ரகசிய வேர் என்றார். (மறுநாள் டீக்கடையில் அந்தச் சமூகத்துப் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். "எங்க பேரச் சொல்லி எவன் எவனோ சம்பாதிக்கிறானுங்க" என்று சிரித்தார்.)

அயவாஸ்கா குடித்தால் பெரும்பாலும் வாந்தி வரும். இவனுக்கு வரவில்லை. "மாமா, நாக்கு ஒட்டுது, தண்ணி" என்றான். அப்புறம் போர்வையில் இல்லாத நூலைப் பிடுங்க ஆரம்பித்தான். கையில் இல்லாத சிகரெட்டைப் பற்றவைத்து, இழுத்து, ஊதி, சாம்பலைக்கூடத் தட்டினான். கூப்பிட்டால் என்னைப் பார்க்கவில்லை. கருவிழி முழுக்க ஒரே கருப்பு, உடம்பு கொதிக்கிறது, ஒரு சொட்டு வியர்வை இல்லை. வழிநடத்துநர் வந்து பார்த்துவிட்டு, "உள்ள இருக்கிறது வெளிய வருது, குறுக்க நிக்காதீங்க" என்று மேளம் அடிக்கப் போய்விட்டார்.

சாவியை எடுத்துக் கொடுத்தது சமையல்கார அம்மா. "கூட்டிட்டுப் போயிருங்க தம்பி, போன தடவையும் ஒருத்தர இப்படித்தான் தூக்கிட்டுப் போனாங்க." பின்சீட்டில் பெல்ட் போட்டு, போர்வையால் கட்டி, 20 கொண்டை ஊசி வளைவையும் அந்த இருட்டில் இறங்கினேன். பாதி வழியில் கதவைத் திறக்கப் பார்த்தான்.

சேலத்தில் அவசரப் பிரிவு டாக்டர் முதலில் பார்த்தது அக்குளை. ஈரமாக இருந்து, கைகால் வெட்டி இழுத்து, வயிறு கடமுடா என்றால் செரோட்டோனின். காய்ந்து, வயிற்றில் சத்தம் அடங்கி, மூத்திரம் போகாமல் இருந்தால் ஊமத்தை இனம். இவனுக்கு இரண்டாவது. டியூப் போட்டு மூத்திரம் எடுத்து, குளுக்கோஸ் ஏற்றி, ஊசியில் தூங்கவைத்தார்கள். மறுநாள் அக்காவை அடையாளம் தெரிந்தது. செல்போன் எழுத்தைப் படிக்கக் கண் தெளிய இன்னும் சில நாள் ஆனது. அந்தப் பங்களா வேலியோரம் மஞ்சளாக, தலைகீழாகத் தொங்கும் எக்காளப் பூக்களைப் பார்த்திருந்தேன். அதுவும் ஊமத்தையின் சொந்தக்காரச் செடிதான், அதே அட்ரோபின், ஸ்கோபோலமின் விஷம்தான். அமேசானிலும் சிலர் அதைக் கஷாயத்தில் சேர்ப்பதுண்டு. இங்கே அதைத்தான் போட்டார்கள் என்று நிரூபிக்க என் கையில் எதுவும் இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ரசீதைப் பாருங்கள் என்றார்கள். 'நன்கொடை' என்று இருக்கிறது. சொந்தப் பொறுப்பில் கலந்துகொள்கிறேன் என்ற தாளில் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்கள். போலீசுக்குப் போவேன் என்றதும் வந்த பதில்: "தாராளமா போங்க, குடிச்சது உங்க ஆள்தானே." இந்தத் தைரியம் சும்மா வந்ததில்லை. டிஎம்டியும், கொடைக்கானல் காளான் என்று போதைக்கு விற்கிறார்களே அதில் உள்ள சிலோசிபினும், 1985 போதைப்பொருள் சட்டப் பட்டியலில் இருக்கின்றன. விற்பது மட்டுமல்ல, உட்கொள்வதும் குற்றம். ஏமாந்தவன் வாய் திறக்க மாட்டான் என்பதை நம்பித்தான் கடையே நடக்கிறது.

அதனால் நம் ஊரில் 'நல்ல ரிட்ரீட் எது' என்று தேடுவதே வீண். குடத்தில் இருப்பது நிஜம் என்றால் சட்டப்படி குற்றம், போலி என்றால் என்ன விஷம் என்றே தெரியாது. அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் 2023 முதல் உரிமம் பெற்ற மையங்களில் சிலோசிபின் தருகிறார்கள். கடந்த 30 நாளில் லித்தியம் என்ற மனநல மருந்து சாப்பிட்டிருந்தால் அங்கே சேர்க்கவே மாட்டார்கள். முடிந்தபின் வீட்டுக்கு எப்படிப் போவீர்கள் என்று முன்கூட்டியே எழுத்தில் வேண்டும். நம் ஆட்கள் கார் சாவியைப் பெட்டியில் பூட்டுகிறார்கள்.

உங்கள் வீட்டு ஆள் யாராவது இப்படி எங்காவது மாட்டிக்கொண்டால், தெளியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள். மாத்திரை அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். குடித்ததில் மிச்சம் இருந்தால், டம்ளரின் அடியில் ஒட்டிய வண்டல் என்றாலும் சரி, ஒரு பாட்டிலில் பிடித்துக்கொள்ளுங்கள். டாக்டர் எங்களிடம் அதைத்தான் முதலில் கேட்டார். போலீஸ் பயத்தில் எதையும் மறைக்காமல் அவரிடம் சொல்லிவிடுங்கள்.