பில் அசல்தான், அதிலிருந்த பேங்க் கணக்குதான் போலி: 3,93,120 ரூபாய் போச்சு

திருப்பூரில் பன்னிரண்டு மிஷின் போட்டு சின்னதாக பனியன் கம்பெனி நடத்துகிறேன். போன வியாழக்கிழமை 3,93,120 ரூபாயை முகம் தெரியாத ஒருத்தன் கணக்குக்கு நானே என் கையால் படிவம் எழுதி அனுப்பிவிட்டேன். மூன்று ராத்திரியாகத் தூக்கம் இல்லை. நூல், துணி, டையிங் என்று பில் பார்த்துப் பணம் போடுகிறவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். எப்படித் தப்பிக்கலாம் என்றும் கடைசியில் எழுதுகிறேன்.

அஞ்சு வருஷமாக ஒரே மில்லில்தான் நூல் எடுக்கிறேன். இந்த முறை 30 கவுண்ட் கோம்டு (சீவிச் சுத்தம் செய்த பருத்தி நூல்), 24 மூட்டை, மூட்டைக்கு 60 கிலோ. கிலோ 260 ரூபாய், அதன் மேல் 5 சதவீதம் ஜிஎஸ்டி. மொத்தம் 3,93,120. செவ்வாய்க்கிழமை லோடு இறங்கியது. டிரைவர் கொடுத்த பில்லை ஃபைலில் போட்டுவிட்டேன்.

புதன் சாயங்காலம் மில்லிலிருந்து மெயில். புதுசாக வந்த மெயில் இல்லை. நான் ஆர்டர் போட்ட அதே மெயிலுக்குப் பதிலாக, கீழே எங்கள் பழைய பேச்சு வார்த்தை அத்தனையும் அப்படியே இருக்க, மேலே நாலு வரி: ஆடிட் நடக்கிறது, பழைய கணக்கில் இப்போது பணம் போட வேண்டாம், திருத்திய பில் இணைத்திருக்கிறோம்.

கண்ணை மூடிக்கொண்டு பணம் போடுகிற ஆள் இல்லை நான். அந்த பில்லில் இருந்த கியூஆர் கோடை இ-இன்வாய்ஸ் ஆப்பில் ஸ்கேன் பண்ணினேன். மில்லின் ஜிஎஸ்டி நம்பர் சரி, என் நம்பர் சரி, பில் நம்பர், தேதி, 3,93,120 எல்லாம் சரி. அரசாங்க ஆப்பே சரி என்று காட்டுகிறது, இதற்கு மேல் என்ன பார்க்க? அந்த நிமிஷம்தான் நம்பினேன். அந்த கியூஆர் கோடுக்குள் பேங்க் கணக்கு நம்பரே கிடையாது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அசல் பில்லை எடுத்து, அடியில் இருக்கும் பேங்க் கட்டத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். இப்போது பெரிதாக்கிப் பார்த்தால் தெரிகிறது: கட்டத்தின் கீழ்க்கோடு ஒரு இடத்தில் அறுந்திருக்கிறது, கணக்கு நம்பரின் எழுத்து மற்ற எழுத்தைவிட ஒரு பிடி தடித்திருக்கிறது. மெயில் முகவரியில் ‘எம்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆர்’, ‘என்’ இரண்டும் ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. போன் திரையில் அது ‘எம்’ மாதிரியே தெரிகிறது. சரியான கணக்கு நம்பரோடு டிரைவர் கொடுத்த பில் என் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. எடுத்து ஒத்துப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை மில்லிலிருந்து போன். “அண்ணா, பேமெண்ட் இன்னும் வரலீங்களே.” எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

அதற்குப் பிறகு நான் பட்டதுதான் இன்னும் கொடுமை. பேங்க்குக்கு ஓடினேன். நான் அனுப்பியது ஆர்டிஜிஎஸ்ஸில், அதாவது பெரிய தொகையை ஒரு பேங்க்கிலிருந்து இன்னொரு பேங்க்குக்கு உடனே அனுப்பும் முறையில். “ஆர்டிஜிஎஸ்ல அக்கவுண்ட் நம்பரை வச்சுத்தான் சார் பணம் போகும், பேரை வச்சு இல்ல” என்றார்கள். நான் எழுதியது மில் பெயர், பணம் போன கணக்கு வேறு யாரோ தனி ஆள் பெயரில். பணம் அனுப்பும் முன்பே கணக்குக்காரர் பெயரைப் பார்க்கும் வசதியை 2025 ஏப்ரல் 1க்குள் எல்லா பேங்க்கும் கொண்டுவர வேண்டும், கிளைக்கு நேரில் வருகிறவர்களுக்கும் அது உண்டு என்று ரிசர்வ் பேங்க் உத்தரவே இருக்கிறது. அதைக் கேட்டால், “நீங்க கேட்டிருந்தா பாத்துச் சொல்லியிருப்போம் சார்” என்கிறார் மேனேஜர். அப்படி ஒன்று இருப்பதே தெரியாதவன் எப்படிக் கேட்பான்? கவுண்டரில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் 3,93,120 ரூபாய் நின்றிருக்கும்.

மில்லில் கேட்டால், “உங்க மெயிலைத்தான் ஹேக் பண்ணிருப்பாங்க.” என் மெயிலில் வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் செட்டிங் ஏதும் இருக்கிறதா என்று ஆள் வைத்துப் பார்த்துவிட்டேன், இல்லை. உங்கள் பக்கம் பாருங்கள் என்றால், “சிஸ்டம் பாக்கிற பையன் லீவுங்க.” நூல் ஏஜென்ட்டோ, “நான் சரக்குக்குத்தாங்க ஜவாப்பு” என்று போனை வைத்துவிட்டார். இப்போது மில்லுக்கு மறுபடியும் 3,93,120 கட்ட வேண்டும். சனிக்கிழமை சம்பளத்துக்கு என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

சைபர் மோசடிப் புகாருக்கான 1930 நம்பருக்குத் திங்கள் மத்தியானம்தான் கூப்பிட்டேன். அதற்குள் பணம் அந்தக் கணக்கிலிருந்து வேறு வேறு கணக்குகளுக்குப் போய்விட்டதாம்.

நிறைய எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். பேங்க் கணக்கு மாறிவிட்டது என்று மெயிலோ வாட்ஸ்அப்போ வந்தால், உங்கள் போனில் பழைய நாளிலிருந்து இருக்கிற நம்பருக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள், அந்த மெயிலில் போட்டிருக்கும் நம்பருக்கு வேண்டாம். கியூஆர் சரியாக இருந்தாலும் கணக்கு நம்பரைப் பழைய பில்லோடு ஒத்துப் பாருங்கள். பேங்க்கில் பெயரைக் காட்டச் சொல்லிச் சண்டை போட்டாவது பார்த்துவிட்டு அனுப்புங்கள். பணம் தப்பாகப் போனது தெரிந்தால் பேங்க் வாசலில் நிற்கும்போதே 1930க்கு அடியுங்கள்.

நாளைக் காலையில் மறுபடி சைபர் கிரைம் ஸ்டேஷன். ஸ்டேட்மெண்ட்டில் பேங்க் சீல் வேண்டுமாம், அந்த மெயிலையும் ஹெட்டரோடு (மெயில் எங்கிருந்து வந்தது என்று காட்டும் விவரம்) பிரிண்ட் எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்கள். டிரைவர் கொடுத்த பில்லையும் மெயிலில் வந்த பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்திருக்கிறேன், வேண்டும் என்கிறவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன்.