டிவி வயரை மறைக்க வாங்கியதில் தேறியது இரண்டுதான்

ஆயுத பூஜைக்கு முந்தின நாள், ஆம்ப்ளிஃபயரைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்கலாம் என்று முன்னால் இழுத்தேன். அது நாலு விரல்கடை நகர்ந்தது, பின்னாலேயே மோடம் தொபுக்கென்று கீழே விழுந்தது. எட்டிப் பார்த்தால் அங்கே ஒரு தூக்கணாங்குருவி குடும்பமே வந்து தங்கலாம், அப்படிப் பின்னிக் கிடக்கிறது வயர். அம்மா பார்த்துவிட்டு, "பூஜை ரூம் கதவைத் தொறந்தா முதல்ல கண்ல படறதே இந்தக் கண்றாவிதான்டா" என்றார். அன்றைக்கு ஆரம்பித்தது இந்தச் செலவு. தீபாவளி தாண்டியும் ஓடியது. வாங்கியவை ஐந்து, அதில் மனசார சிபாரிசு செய்யக்கூடியவை இரண்டு. அந்த இரண்டும்தான் இருப்பதிலேயே விலை குறைச்சல், அதுதான் எரிச்சல்.

எங்கள் வீட்டு நிலவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னையில் வாடகை ஃபிளாட், இரண்டாவது மாடி. 55 அங்குல டிவி சுவரில் மாட்டியிருக்கிறது, கீழே ஒரு மர யூனிட், அதில் ஆம்ப்ளிஃபயர், செட்டாப் பாக்ஸ், ஃபைபர் மோடம், பக்கத்தில் சப்வூஃபர், ஹாலைச் சுற்றி ஐந்து ஸ்பீக்கர். உட்கார்ந்து எண்ணினேன், 19 வயர். அதில் செட்டாப் பாக்ஸின் மஞ்சள் சிவப்பு வெள்ளை வயர் ஒரு முனை மட்டும் செருகப்பட்டு மறுமுனை அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது, எத்தனை வருஷமாகவோ தெரியாது. இன்னொன்று டிவியின் சத்தத்தை ஆம்ப்ளிஃபயருக்குக் கொண்டுவரும் ஆப்டிகல் வயர். டிவி, ஆம்ப்ளிஃபயர் இரண்டிலும் ஏஆர்சி என்று எழுதிய எச்டிஎம்ஐ துளை இருந்தால் அந்த வயரே தேவையில்லை, படம் மேலே போகிற அதே எச்டிஎம்ஐ வயரில் சத்தம் கீழே இறங்கி வந்துவிடும். 2009இல் வந்த எச்டிஎம்ஐ 1.4லிருந்தே இந்த வசதி உண்டு, நான்தான் மெனுவில் போய் அதை ஆன் செய்யாமல் இருந்திருக்கிறேன். ஆக, ஒரு பைசா செலவில்லாமல் 17 ஆயிற்று. காசு கொடுத்து எதையாவது வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

சரி, வாங்கியவற்றுக்கு வருவோம்.

முதலில் ஆன்லைனில் ஒரு 'வயர் மறைக்கும் கிட்'. படத்தில் பார்க்க ராஜபோகமாக இருந்தது, வெள்ளைச் சுவரில் மெல்லிய வெள்ளைக் குழல், பின்னால் தயாராக ஒட்டும் டேப், ஆணி வேண்டாம், டிரில் வேண்டாம். ஆயிரத்துச் சொச்சம் கொடுத்தேன். ஒட்டின அன்று ராத்திரி நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் மேல் முனை வாயைப் பிளந்தது, ஐந்தாம் நாள் முழுசாகக் கீழே வந்தது, வரும்போது சுவரிலிருந்து உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட்டையும் பட்டியையும் பெயர்த்துக்கொண்டு வந்தது. டேப் நல்ல டேப்தான், அதைக் குறை சொல்ல முடியாது. சுவரோடு அல்ல, சுவர்மேல் இருக்கும் மாவோடு அது ஒட்டியிருக்கிறது. டைல்ஸ், கண்ணாடி, சன்மைக்கா என்றால் நிற்குமாக இருக்கும். பட்டி பார்த்து மேலே டிஸ்டெம்பர் அடித்த சுவரில், அதுவும் நம்ம ஊர் ஐப்பசி ஈரத்தில், நிற்காது. ஹவுஸ் ஓனருக்கு இன்னும் நான் அந்தப் பள்ளத்தைக் காட்டவில்லை.

அடுத்தது ஸ்பைரல், சுருள் சுருளாக வருமே, வயர்கள் மேல் சுற்றுகிற பிளாஸ்டிக். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் வாங்கினேன், விலை ஒன்றும் பெரிதில்லை. கம்ப்யூட்டர் மேஜைக்குக் கீழே ஒரே இடத்திலிருந்து ஒரே இடத்துக்குப் போகும் நாலு வயருக்கு அது அருமையான பொருள். டிவிக்குப் பின்னால் அப்படியா இருக்கிறது? ஒன்று பாதி வழியில் இடது பக்கம் பிரியும், இன்னொன்று கீழே இறங்கும். மூன்று மீட்டர் சுற்ற முக்கால் மணி நேரம் ஆனது, கட்டைவிரல் நகம் பெயராதது ஆச்சரியம். சுற்றி முடித்து நிமிர்ந்தால் லேன் வயர் உள்ளே போகவில்லை, தரையில் கிடக்கிறது. மறுபடி முழுக்க அவிழ்க்க வேண்டும். அந்த ஸ்பைரல் இப்போது தையல் மிஷினின் பெடல் வயரில் இருக்கிறது.

மூன்றாவது, கேபிள் பாக்ஸ். எக்ஸ்டென்ஷன் போர்டையும் அடாப்டர்களையும் உள்ளே போட்டு மூடி வைக்கிற பெட்டி. இதில் ஒரு விஷயத்தை வாங்குவதற்கு முன்பே யோசித்திருக்க வேண்டும். இந்தப் பெட்டிகள் பெரும்பாலும் சின்ன தட்டை பிளக்குக்காகச் செய்தவை போலிருக்கிறது, நம்முடைய மூன்று பின் பிளக் தலை பெருத்தது, அதன்மேல் அடாப்டர் வேறு யானைக்குட்டி மாதிரி உட்கார்ந்திருக்கும். என்னுடைய ஸ்பைக் பஸ்டர் குறுக்காக வைத்தால்தான் உள்ளே போனது, மூன்று அடாப்டர் செருகினதும் மூடி மூடவில்லை, மேலே ஒரு புத்தகத்தை வைத்து அழுத்தினேன். எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து பார்த்தபோது முதலில் அந்தப் புத்தகத்தைத்தான் எடுத்தார். மூடியைத் திறந்து என் கையைப் பிடித்து உள்ளே வைத்தார். தோசைக்கல் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இட்லிப் பானையை இறக்கிக் கால்மணி நேரம் கழித்துத் தொட்டால் இருக்குமே, அந்தச் சூடு. "சித்திரையில இதே பாக்ஸை நெனச்சுப் பாருங்க சார்" என்றார். அதோடு இன்னொன்றும் காட்டினார், மூலையில் கரப்பான் முட்டைக் கூடு. இருட்டு, கதகதப்பு, ஆள் நடமாட்டம் இல்லை, இதைவிட நல்ல வாடகை வீடு அதற்கு எங்கே கிடைக்கும்.

பாக்ஸைத் தூக்கிப் போடவில்லை. மூடியைக் கழற்றிவிட்டு, மர யூனிட்டின் பின்னால் திறந்த தொட்டியாக வைத்திருக்கிறேன், முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. அந்த அளவில் பரவாயில்லை. வாங்குகிறவர்கள் தங்கள் போர்டை அடாப்டரோடு சேர்த்து உயரம் அளந்துவிட்டு வாங்குங்கள், பக்கவாட்டில் காற்றுத் துளை இல்லாததை வாங்கவே வேண்டாம். ஆம்ப்ளிஃபயர், சப்வூஃபர் வயர்களை இதற்குள் விடாதீர்கள், நேராகச் சுவர் பிளக்கில் போடுங்கள். 6 ஆம்பியர் போர்டு என்றால் மொத்தமாகவே 1400 வாட் அளவுதான் தாங்கும்.

இப்போது தேறிய இரண்டு.

வெல்க்ரோ டேப். இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டுகிற ரோல், வேண்டிய நீளத்துக்குக் கத்தரியால் வெட்டிக்கொள்ளலாம். ஐந்து மீட்டர் ரோல் 180 ரூபாய்க்கு ரிச்சி தெருவில் கிடைத்தது, அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்தால் வந்துவிடும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். சுவிட்சர்லாந்துக்காரர் ஒருவர் வேட்டைக்குப் போய்த் திரும்பி வந்து, தன் துணியிலும் நாயின் ரோமத்திலும் ஒட்டியிருந்த முள்காயை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டுக் கண்டுபிடித்த சமாச்சாரம் இது. நம்ம ஊரில் காலங்காலமாக வேட்டி நுனியில் நாயுருவியை ஒட்டிக்கொண்டு வந்து திண்ணையில் உட்கார்ந்து பிய்த்துப் போட்டிருக்கிறோம், ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

இதன் அருமை எனக்குக் கேபிள் டையால் சூடுபட்ட பிறகுதான் புரிந்தது. அந்த வெள்ளை பிளாஸ்டிக் டை வீட்டில் ஏற்கெனவே ஒரு பாக்கெட் இருந்தது. சும்மா இருக்கிறதே என்று எல்லா வயரையும் கொத்தாகப் பிடித்து, ஃபைபர் வயரையும் சேர்த்து, இறுக்கி இழுத்துக் கட்டினேன். மறுநாள் காலை மோடத்தில், சிக்னல் வரவில்லை என்று காட்டுகிற எல்ஓஎஸ் விளக்கு சிவப்பு. இன்டர்நெட்காரருக்கு ஃபோன் போட்டுக் குரல் உயர்த்திப் பேசினேன். பையன் வந்தான், மோடத்தைத் தொடக்கூட இல்லை, குனிந்து அந்த டையைப் பார்த்தான், சைடு கட்டரால் நறுக்கினான், பச்சை எரிந்தது. "உள்ள கண்ணாடி சார் அது, மடிஞ்சா லைட்டு போகாது" என்றான். காப்பி குடிக்கிறாயா தம்பி என்பதைத் தவிர எனக்குச் சொல்ல எதுவுமில்லை. ஃபைபரை வளைக்க வேண்டியிருந்தால் ஒரு டம்ளர் வாய் அளவுக்காவது வளையம் விடுங்கள், மற்ற வயர்க் கொத்தோடு கட்டாதீர்கள். வெல்க்ரோ அந்த மாதிரி நசுக்காது, ஒரு வயரை எடுக்க வேண்டுமென்றால் சர்ரென்று பிரித்துவிட்டு மறுபடி போடலாம். டையை வெட்டும்போது கூடவே வயரையும் வெட்டுகிற ஆபத்து இல்லை. ரப்பர் பேண்டு பற்றிப் பேசவே வேண்டாம், ஒரு கோடை போதும், உருகி வயரோடு வயராகிவிடும்.

கட்டும்போது இரண்டு கொத்தாகப் பிரித்துக் கட்டுங்கள், கரன்ட் வயர் ஒரு பக்கம், சத்தம் படம் போகிற வயர் இன்னொரு பக்கம். நான் முதலில் சப்வூஃபரின் சிக்னல் வயரையும் பவர் வயரையும் ஒன்றாகக் கட்டியிருந்தேன், டிவியை அணைத்த பிறகும் ராத்திரியில் மூலையிலிருந்து ஒரு ம்ம்ம், யாரோ சுருதிப் பெட்டியை அணைக்க மறந்துவிட்டுப் போன மாதிரி. நம்முடைய 50 ஹெர்ட்ஸ் கரன்ட்தான் அங்கே ஆலாபனை செய்திருக்கிறது. ஒரு சாண் தள்ளி வைத்ததும் காதை வைத்துக் கேட்டால்தான் கேட்கிற அளவுக்கு அடங்கிவிட்டது. இரண்டும் குறுக்கிட்டே ஆக வேண்டிய இடத்தில் கூட்டல் குறி மாதிரி குறுக்காகப் போனால் போதும், பக்கத்தில் பக்கத்தில் படுக்கக் கூடாது.

கடைசியாக, ஹீரோ. தெருமுனை எலக்ட்ரிக்கல் கடையில் விற்கிற சாதா பிவிசி கேசிங். பழைய வீடுகளில் மரப்பட்டி அடித்து வயர் இழுத்திருப்பார்களே, அதன் பேரன். (சுவரில் பார்ப்பதும் பட்டி, சுவரில் அடிப்பதும் பட்டி, தமிழ் வசதியான மொழி.) இரண்டு மீட்டர் நீளம், ஒன்றரை அங்குல அகலம் வாங்கினேன், நூறு ரூபாய்க்குள். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து மகன் அதை வேல் மாதிரி பிடித்துக்கொண்டு வந்தான், சிக்னலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அடிப்பாகத்தை, ஸ்க்ரூ பிடிப்பதற்காகச் சுவர்த் துளையில் செருகுகிற ரவல் பிளக் போட்டு நாலு ஸ்க்ரூவில் சுவரோடு முடுக்கிவிட்டு, வயர்களை உள்ளே படுக்க வைத்து, மூடியை மேலிருந்து கீழாகக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வந்தால் டக் டக் டக்கென்று உட்கார்ந்துவிடும். மூடி திறக்கிற ஜாதி என்பதால் எச்டிஎம்ஐயின் பெரிய தலை குழாய்க்குள் நுழையுமா என்ற தொல்லையே இல்லை. நாலு துளைக்கு ஓனரிடம் அனுமதி கேட்டேன், காலி செய்யும்போது வெள்ளை சிமென்ட் வைத்து அடைத்துவிட்டுப் போ என்றார், அவ்வளவுதான். சுவரில் காடி வெட்டிப் பைப் புதைக்கலாமே என்று தம்பி கேட்டான். சொந்த வீடு கட்டும்போது செய்யலாம், வாடகை வீட்டில் ஆகிற காரியமா அது. டிவியின் பவர் வயரை மட்டும் இதற்குள் விடவில்லை, எலக்ட்ரீஷியன் அண்ணன் டிவிக்குப் பின்னாலேயே ஒரு 6 ஆம்பியர் பிளக் பாயின்ட் ஏற்றிக் கொடுத்துவிட்டார். அந்தக் கூலிதான் இந்த மொத்த விவகாரத்திலும் உருப்படியான செலவு.

கேசிங்கிலும் குறை உண்டு. வெள்ளை வெளேரென்று இருக்கிறது, எங்கள் சுவர் கிரீம் கலர், பட்டை நாமம் போட்ட மாதிரி தெரிந்தது. மிச்சமிருந்த எமல்ஷனை அப்படியே பூசினேன், நகம் பட்டதும் தோல் உரிந்த மாதிரி வந்தது. அப்புறம் உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்துச் சொரசொரப்பாக்கிவிட்டுப் பூசினேன், நிற்கிறது. அளவிலும் கஞ்சத்தனம் வேண்டாம், முக்கால் அங்குலம் போதும் என்று கடைக்காரர் சொன்னால் கேட்காதீர்கள், மூன்றில் ஒரு பங்கு காலியாக இருந்தால்தான் நாளைக்கு ஒரு வயர் கூடுதலாக வந்தாலும் மூடி மூடும். மூடுவதற்கு முன் ஒரு சாயங்காலம் முழுக்கப் படம் ஓட்டிப் பாருங்கள். 4கே படம் 60 ஃபிரேமில் எச்டிஆரோடு ஓட எச்டிஎம்ஐ வயர் வினாடிக்கு 18 கிகாபிட் வரை தாங்க வேண்டும், நீளமான மலிவு வயர் நடுநடுவே கண்ணடிக்கும். என்னுடையது அடித்தது, மாற்றினேன், மூடியைக் கழற்றி மாட்ட ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

ஒரு சின்ன விஷயம். டிவிக்கும் சுவருக்கும் நடுவே மூன்று விரல் இடம்தான், எச்டிஎம்ஐ நேராகச் செருகினால் கழுத்து ஒடியும். எல் வடிவ அடாப்டர் வாங்கினேன், அது இரண்டு ஜாதி, ஒன்று 90 டிகிரி, இன்னொன்று 270. நான் வாங்கியது வயரை வானத்தைப் பார்க்க வைத்தது. டிவியின் துளையில் அகலப் பக்கம் எந்தத் திசையில் இருக்கிறது என்று ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.

மெடிக்கல் ஷாப் வெள்ளை பிளாஸ்டரை வயரின் இரண்டு முனையிலும் சுற்றி மார்க்கரில் பேர் எழுதி ஒட்டியிருக்கிறேன். இதற்கு முன் ஒரு தடவை மோடம் என்று நினைத்துச் செட்டாப் பாக்ஸைப் பிடுங்கி, சீரியல் பாதியில் நின்று, வீட்டில் எனக்கு நேர்ந்ததை இங்கே எழுத முடியாது.

பின்பக்க இடது ஸ்பீக்கரின் வயருக்குத்தான் இன்னும் வழி கிடைக்கவில்லை. பூஜை ரூம் வாசலைக் கடந்துதான் போக வேண்டும், அங்கே கோலம் போடுகிற இடத்தில் கேசிங் அடிக்க அம்மா விடமாட்டார். இப்போதைக்கு நிலைப்படியின் மேலே சுற்றி வருகிறது, மாவிலைத் தோரணத்தோடு தோரணமாக.