ஃபிஃப்த் வீல் டிரெய்லருக்கு அதிர்வு தாங்கும் ஹிட்ச்: நீண்ட நாள் ஓட்டத்தில் தெரிய வருபவை

ஃபிஃப்த் வீல் என்பது பிக்கப் டிரக்கின் பின்பக்கச் சுமைத்தொட்டியில், அதாவது பெட்டில், வைத்த ஹிட்ச் என்ற பிடிப்பில் மாட்டி இழுக்கும் டிரெய்லர். அமெரிக்க நெடுஞ்சாலைகளில் பெரிய ஃபிஃப்த் வீல் டிரெய்லரை இழுப்பவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு கட்டத்தில் காற்றுப் பை வைத்த ஏர் ஹிட்ச்சின் விலையை விசாரித்திருப்பார்கள். சாதாரண ஹிட்ச்சைப் போல இரண்டு மூன்று மடங்கு விலை. மாட்டினால் குலுக்கல் போய்விடுமா என்பதுதான் கேள்வி. எந்தக் குலுக்கல் என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது.

டிரெய்லர் டிரக்கைத் தொந்தரவு செய்வது இரண்டு விதம். ஒன்று முன்பின் இழுப்பு. சீட்டின் முதுகில் யாரோ தட்டித் தட்டித் தள்ளுவது போலிருக்கும். ஓட்டுகிறவர்கள் இதை 'சக்கிங்' என்பார்கள். மற்றது மேல்கீழ்க் குதிப்பு: டிரெய்லர் மூக்கு ஏறி இறங்க, டிரக்கின் பின்பகுதி அமுங்கி எழும். ஒன்றுக்கு வாங்கிய மருந்து மற்றதற்கு அரைகுறையாகத்தான் வேலை செய்யும். ஏர் பேக் உள்ளவை முக்கியமாக மேல்கீழ் அசைவைத் தாங்கும். டிரெய்லர் மூக்கில் இருக்கும், ஹிட்ச்சின் தாடை கவ்வும் இரும்பு முளை கிங் பின்; அதைத் தாங்கும் பெட்டி பின் பாக்ஸ். மோர்ரைடு நிறுவனத்தினுடையது போன்ற ரப்பர் வைத்த பின் பாக்ஸ் முன்பின் இழுப்பில்தான் அதிகம் கைகொடுக்கும்.

லூசியானாவில் லஃபயெட்டுக்கும் பேட்டன் ரூஜுக்கும் நடுவே ஐ-10 சாலையில் வரும் அட்சஃபலாயா பேசின் பாலம் இதற்கு நல்ல பரீட்சை. சுமார் 18 மைல் நீளம், வழி நெடுக இணைப்புகள். இப்படிப்பட்ட சாலையில் வேகமும் இணைப்பு இடைவெளியும் சேர்ந்துதான் ஆட்டத்தை உண்டாக்குகின்றன. 60 மைல் வேகம் என்றால் விநாடிக்கு 88 அடி. இணைப்புகள் 40 அடிக்கு ஒன்று என்றால் விநாடிக்கு 2.2 இடி. வண்டியின் ஸ்பிரிங் இயல்பாக ஆடும் வேகமும் அதற்குப் பக்கத்தில் இருந்துவிட்டால் ஒவ்வொரு இடியும் முந்தையதோடு சேர்ந்துகொண்டே போகும். வேகத்தை 52க்குக் குறைத்தால் இடி 1.9 ஆகிவிடும், பல நேரம் அதுவே போதும். எந்த ஹிட்ச் போட்டாலும் இந்த வித்தையை விட வேண்டாம், காசு செலவில்லை.

வாங்கப் போவதற்கு முன் இருக்கிற ஹிட்ச்சில் ஆட்டம் எவ்வளவு என்று பாருங்கள். டிரெய்லர் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, டிரெய்லர் பிரேக்கைக் கையால் பிடித்து, டிரக்கை மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்தச் சொல்லி, ஒருவர் எட்ட நின்று பெட்டுக்குள் கவனிக்க வேண்டும். 2 அங்குல கிங் பின்னுக்கும் தாடைக்கும் நடுவே 'லொடக்' என்று இடைவெளி தெரிந்தால் பாதிக் குற்றவாளி அங்கேயே இருக்கிறான். பெட்டில் பொருத்திய இரும்பு ரெயிலில் ஹிட்ச் நிற்கும் இடத்திலும் அதே ஆட்டம் இருக்கலாம். பின்னை முழுதாகச் சுற்றிப் பிடிக்கும் தாடையும் ஆட்டமில்லாத அடித்தளமும் இருந்தாலே முன்பின் இழுப்பு கணிசமாக அடங்கும். பி அண்ட் டபிள்யூ கம்பானியன் போன்ற சாதாரண ஹிட்ச்களுக்கு ஏர் பேக் இல்லாமலேயே நல்ல பெயர் இருப்பதன் காரணம் இதுதான்.

அடுத்தது டிரெய்லரின் அடிப்பக்கம். பட்டை ஸ்பிரிங்குகளை இணைக்கும் ஈக்வலைசர், ஷேக்கிள் போல்ட், நைலான் புஷ் எல்லாம் தேய்ந்து போயிருந்தால் அங்கே பிறக்கும் குதிப்புதான் முன்னே வந்து சேர்கிறது. கிரீஸ் அடிக்கக்கூடிய போல்ட், வெண்கல புஷ், ரப்பர் வைத்த ஈக்வலைசர் என்று மாற்றுவது ஏர் ஹிட்ச் விலையில் ஒரு பங்குதான். டிரெய்லர் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றாலும் பின் அச்சின் டயர்கள் கூடுதல் சுமை சுமந்து ஆட்டத்தைப் பெருக்கும். டிரெய்லர் பிரேக் சரியாகப் பிடிக்காவிட்டால் ஒவ்வொரு முறை வேகம் குறைக்கும்போதும் அது டிரக்கைத் தள்ளத்தான் செய்யும்.

இதையெல்லாம் முடித்த பிறகும் குலுக்கல் மிச்சமிருந்தால் கடைக்குப் போகலாம். போகும் முன் ஒரு கணக்கு. கிங் பின் மேல் இறங்கும் எடை ('பின் எடை') பொதுவாக டிரெய்லர் எடையில் 15 முதல் 25 சதம். 14,000 பவுண்டு டிரெய்லருக்கு 22 சதம் என்றால் 3,080 பவுண்டு. டிரக்கின் ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டிய மஞ்சள் பட்டியில் டிரக் தாங்கக்கூடிய மொத்தச் சுமை 3,700 பவுண்டு என்று இருக்கட்டும். ஆட்கள் 400, கருவிகளும் சாமான்களும் 200, ஹிட்ச் 220 கழித்தால் மிச்சம் 2,880. இருநூறு பவுண்டு இடிக்கிறது. ஏர் ஹிட்ச்கள் கனமானவை. எல்லைக்கோட்டில் நிற்கும் முக்கால் டன் டிரக்குக்கு அந்தக் கனமே பிரச்சினை. பின் பாக்ஸ் வகையை டிரெய்லரில் மாட்டினால் தப்பித்தோம் என்றும் நினைக்க முடியாது: பழையதைவிடக் கூடும் எடையில் பெரும்பங்கு கிங் பின் வழியாக டிரக் மேல்தான் இறங்கும்.

பின் எடையை ஊகிக்காமல் லாரி நிறுத்தங்களில் இருக்கும் கேட் (CAT) எடைமேடையில் எடை போடுங்கள். பயணத்துக்கு ஏற்றிய நிலையில் டிரெய்லரோடு ஒரு தடவை. கழற்றிவிட்டு அதே ஆட்கள், அதே எரிபொருளோடு டிரக் மட்டும் ஒரு தடவை. டிரக்கின் இரு அச்சுகளின் கூட்டுத்தொகை இரண்டிலும் எவ்வளவு வித்தியாசமோ அதுதான் பின் எடை. ரப்பர் முறுகி அதிர்வைத் தாங்கும் டார்ஷன் வகை வாங்குகிறவர்களுக்கு இந்த எண் உயிர்நாடி. ஜென்-ஒய் நிறுவனத்தினுடையது போன்றவை பின் எடை வரம்பு வாரியாகத்தான் வருகின்றன. வரம்பு அதிகமானதை எடுத்தால் ரப்பர் முறுகாது, இரும்புக் கட்டை மாதிரி நிற்கும். குறைவானதை எடுத்தால் அமுங்கி அடியில் முட்டும். 'பெரிய ரேட்டிங் பாதுகாப்பு' என்ற வழக்கமான அறிவு இங்கே செல்லாது.

பெட்டில் வைக்கும் முழு ஏர் ஹிட்ச்சில் ஹென்ஸ்லியின் டிரெய்லர்சேவர் பழம் பெயர். ஏர் பேக்கோடு ஷாக் அப்சார்பரும் உண்டு. இரண்டில் ஒன்று குறைந்தாலும் வாங்காதீர்கள். வெறும் காற்றுப் பை ஒரு ஸ்பிரிங்தான், ஷாக் இல்லாவிட்டால் குதித்துக்கொண்டே இருக்கும். ரீஸ் கூஸ் பாக்ஸ் வேறு வழி: பின் பாக்ஸையே எடுத்துவிட்டு, ஏர் பேக்கும் ஷாக்கும் உள்ள கூஸ்நெக் அமைப்பை மாட்டி, பெட்டில் இருக்கும் 2-5/16 அங்குலப் பந்தில் இறக்குவது. பெட் காலியாகக் கிடைக்கும், டிரக்கில் கனமான ஹிட்ச் இல்லை. ஆனால் கூஸ்நெக்குக்குப் பாதுகாப்புச் சங்கிலி மாட்ட வேண்டும். பிடிப்பு கீழே போவதால் டிரெய்லர் சட்டத்தின் மேல் நெம்புவிசை மாறுகிறது. இப்படி எந்த மாற்று அமைப்பை வாங்கினாலும் சட்டம் செய்தவரிடம் வாரண்டி நிலைக்குமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம். எந்தப் பின் பாக்ஸையும் ஆர்டர் செய்யும் முன் பழையதன் பக்கவாட்டு ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணைப் பாருங்கள். போல்ட் துளைகளும் அகலமும் அதைப் பொறுத்தே பொருந்தும்.

ஏர் பின் பாக்ஸும் ஏர் ஹிட்ச்சும் சேர்த்து மாட்டுவது வேண்டாம். ஒன்று எழும்போது மற்றது அமுங்கும். இரண்டையும் சரிப்படுத்துவதற்குள் பொறுமை போய்விடும்.

நீண்ட நாள் பயன்பாட்டில் எல்லோரும் தடுமாறும் இடம் காற்றழுத்தம். கேஜில் ஒரு எண்ணைக் குறித்து வைத்து, எப்போதும் அதையே நிரப்புவார்கள். பையின் மேல் இருக்கும் சுமை மாறாதவரை கேஜ் ஏறக்குறைய அதே எண்ணைத்தான் காட்டும், மாறுவது உயரம். ஃபீனிக்ஸ் வெயிலில் நடுவில் நிறுத்திய ஹிட்ச், கொலராடோவில் ஐ-70இல் 11,158 அடி உயரத்திலுள்ள ஐசன்ஹோவர் சுரங்கத்தை நெருங்கும்போது குளிரால் பை சுருங்கித் தாழும். மலை உயரத்தில் வெளிக்காற்று மெலிவதால் பை கொஞ்சம் விரியவும் செய்யும். பெரும்பாலும் குளிர்தான் ஜெயிக்கும். ஆகவே கேஜைவிட ஹிட்ச்சின் உயரக் குறியையும் கைகளின் கோணத்தையும் நம்புங்கள். சமதளத்தில், டிரெய்லர் முழுச் சுமையோடு, அசைவின் நடுவில் நிற்க வேண்டும். மேலே முட்டி நின்றாலும் கீழே முட்டி நின்றாலும் அது சாதாரண ஹிட்ச்தான், விலை மட்டும் அதிகம். பெட் விளிம்புக்கும் டிரெய்லரின் அடிக்கும் நடுவே 6 அங்குல இடைவெளி வேண்டும் என்பார்களே, அதைப் பை முழுக்க அமுங்கிய நிலையிலும் யோசித்துப் பாருங்கள். பள்ளம் ஏறி இறங்கும்போது பெட் விளிம்பு நசுங்குவது இப்படித்தான்.

மாட்டுவதும் கழற்றுவதும் சாதாரண ஹிட்ச் போல இல்லை. டிரெய்லர் கால்களை இறக்க இறக்க, சுமை குறைவதால் ஹிட்ச் தலையும் கூடவே எழும்பி வரும். 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்' என்று இறக்கியும் கைப்பிடி இறுகியே இருக்கும். அந்த நேரத்தில் கைப்பிடியைச் சுத்தியால் அடித்துத் திறந்தால் தலை துள்ளி எழும். தலை தன் மேல் எல்லையை எட்டும்வரை கால்களை இறக்குங்கள், அல்லது மேனுவல் அனுமதித்தால் முதலில் காற்றை விடுங்கள். திரும்ப மாட்டும்போது ஹிட்ச் தட்டு பின் பாக்ஸின் தட்டைவிட அரை அங்குலம் உயரமாக இருந்து டிரெய்லரை லேசாகத் தூக்கிக்கொண்டு நுழைய வேண்டும். கிங் பின் அதற்கு மேலே இருந்தால் தாடை அதன் நுனியை மட்டும் கவ்வி, பூட்டியது போலவே தோன்றும். பூட்டிய பின் தட்டுகளுக்கு நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது. கால்கள் தரையைத் தொட்டிருக்கும்போதே டிரெய்லர் பிரேக் பிடித்து ஒரு இழுப்புச் சோதனை, அதன் பிறகே கால்களைத் தூக்குவது.

கிங் பின்னில் மாட்டும், கிரீஸுக்குப் பதிலான பிளாஸ்டிக் மசகுத் தட்டு (லூப் பிளேட்) கிரீஸ் அழுக்கை ஒழிக்கும், ஆனால் அதன் தடிமனால் தாடை முழுதாக மூடாமல் போகலாம். மாட்டிய உடனே பாருங்கள். வால்வில் மாதம் ஒருமுறை சோப்புத் தண்ணீர் தடவினால் மெல்லிய கசிவு தெரிந்துவிடும். ஷாக்கில் எண்ணெய் ஈரம், கைகளின் புஷ்ஷில் ஆட்டம், பையின் மடிப்பில் வெடிப்பு, பற்றவைப்பு ஓரத்தில் துரு வழிந்த கோடு: பயணத்துக்கு முன் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டியவை இவ்வளவுதான். புதிதாக மாட்டிய முதல் பயணத்துக்குப் பின் போல்ட்டுகளை மேனுவல் சொல்லும் இறுக்க அளவுக்கு (டார்க்) மறுபடி இறுக்குங்கள்.

பழைய ஏர் ஹிட்ச் மலிவாகக் கிடைத்தால், அந்த மாடலின் பையும் ஷாக்கும் இன்றும் தனியாகக் கிடைக்கின்றனவா என்று முதலில் விசாரியுங்கள். கிடைக்காவிட்டால் அது பழைய இரும்பு விலைக்குக்கூட வேண்டாம்.